நுவரெலியாவில் ஸ்னோ விழுமா? உறைபனி பார்க்க எப்போது வரவேண்டும்?

மட்டக்களப்பிலிருந்து ஒரு தம்பி மூன்று விஷயம் கேட்டிருக்கிறார். டிசம்பர் முதல் கிழமை பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு நுவரெலியா வருகிறார்களாம். பத்திரிகையில் ‘நுவரெலியாவில் பனிப்பொழிவு’ என்று படம் பார்த்த பிள்ளைகளுக்கு ஸ்னோ பார்க்க ஆசை. அது எப்போது விழும்? இவ்வளவு குளிர்கிற ஊரில் ஏன் வெளிநாடு மாதிரி ஸ்கீ ஓட ஓர் இடம் வைக்கவில்லை? அடுத்த வருடம் சுவிஸில் இருக்கும் அக்கா இவர்களை டிசம்பர் தொடக்கத்தில் அங்கே கூப்பிடுகிறார். அந்த நேரத்தில் ஸ்கீ ஓடுகிற அளவுக்குப் பனி இருக்குமா?

சுருக்கமான பதிலை முதலில் தந்துவிடுகிறேன். நுவரெலியாவில் ஸ்னோ விழாது. படத்தில் நீங்கள் பார்த்தது உறைபனி. அதைப் பார்க்க டிசம்பர் முதல் கிழமை தோதான காலமில்லை. தைப்பொங்கல் கழிந்து வாருங்கள். சுவிஸில் டிசம்பர் தொடக்கத்தில் பனி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அக்கா எந்த மலைக்குக் கூட்டிப் போகிறார் என்பதைப் பொறுத்தது அது.

இனி விரிவாக எழுதுகிறேன். கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் 26 வருடம் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தவன் நான். மலையைச் சுற்றி வருவதோடு, தோட்டத்து மழைமானியை வாசித்துப் புத்தகத்தில் எழுதுவதும் என் வேலையாக இருந்தது. மகள் சுவிஸில் இருப்பதால் இரண்டு குளிர்காலம் அங்கேயும் தங்கியிருக்கிறேன். இரண்டு ஊர்ப் பனியையும் கையில் எடுத்துப் பார்த்தவன் என்கிற உரிமையில் சொல்கிறேன்.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நம்முடைய சொல். புல் நுனியில் நிற்கிற துளியைப் பனி என்கிறோம். காலையில் றோட்டை மறைக்கிற மூட்டத்தையும் பனி என்கிறோம். உங்கள் ஊரில் மார்கழி விடியலில் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு ‘பனி கொட்டுது’ என்றால் அதுவும் பனி. அல்ப்ஸ் மலையில் ஆள் உயரத்துக்குக் குவிகிறதும் பனி. இதில் ஸ்னோ என்பது மேகத்துக்குள் உருவாகி மேலிருந்து விழுவது. உறைபனி எங்கிருந்தும் விழுவதில்லை. காற்றில் இருக்கிற நீராவி, தண்ணீராகிற படியைத் தாண்டி, குளிர்ந்த இலையின் மேல் நேரே பளிங்காகப் படிகிறது. செய்தியில் ‘துகள் உறைபனி பொழிந்தது’ என்று எழுதுகிறார்கள். அந்தப் ‘பொழிந்தது’ என்ற சொல்லைப் பார்த்துத்தான் குடையும் பூட்சுமாக ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். சிங்களத்தில் ‘மல் துஹின’ என்பார்கள். மல் என்றால் பூ. அந்தப் பெயர்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. இலையிலிருந்து வெளிப்பக்கமாக, ஊசி ஊசியாக வளர்கிற ஒன்றைப் பூ என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

ஏன் ஸ்னோ விழுவதில்லை என்று பார்ப்போம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர். சுவிஸில் பெயர்போன ஸ்கீ ஊரான சென் மோரிட்ஸ் 1,822 மீற்றர். செர்மாட் ஊர் இன்னும் கீழே, 1,600 சொச்சம். அப்படியென்றால் நம் ஊர் அந்த இரண்டையும் விட உயரம். இதை மகளின் வீட்டில் படத்தை விரித்து வைத்துப் பார்த்த அன்று எனக்கு நம்பவே முடியவில்லை. ஆனால் உயரம் பாதிக் கணக்குத்தான். அவர்கள் இருப்பது வடக்கே 46ஆம் பாகையில்; நாம் 7ஆம் பாகையில், சூரியன் தலைக்கு மேலே போகிற இடத்தில்.

ஆயிரம் மீற்றர் ஏறினால் காற்று சுமார் 6.5 பாகை குளிரும் என்பது பொதுவான கணக்கு. கொழும்பில் சராசரி 27, 28 பாகை. அங்கிருந்து 1,868 மீற்றர் ஏறினால் 12 பாகை குறையும். மிச்சம் 16 பாகை. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையும் கிட்டத்தட்ட அதுவே. நாட்டிலேயே உயரமான பீதுருதாலகால மலை 2,524 மீற்றர். அதன் உச்சியில்கூட 11 பாகையளவு மிஞ்சும். நம்முடைய அகலக்கோட்டுப் பக்கத்தில் காற்று பூச்சியத்துக்கு இறங்க 4,800, 5,000 மீற்றர் வரை ஏறவேண்டும். அதனால்தான் ஆபிரிக்காவில் பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலிருக்கிற கிளிமஞ்சாரோவின் உச்சியில் பனிக்கட்டி இருக்கிறது. அது 5,895 மீற்றர். நம் பீதுரு அதில் பாதிகூட இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பின்னேரத்தில் இடியோடு கொட்டுகிற பெருமழை இருக்கிறதே, அந்த மேகத்தின் தலை பல கிலோமீற்றர் உயரத்தில் இருக்கும். அங்கே பனித்துகள்தான் இருக்கும். அது கீழே வரும் வழியில் உருகி, மழையாகி நம்மை நனைக்கிறது. பெரிய கட்டியாக இருந்தால் உருக நேரம் போதாமல் ஆலங்கட்டியாகவே வந்து தகரத்தில் அடிக்கும். மார்ச், ஏப்ரலில் சில பின்னேரங்களில் ஆலங்கட்டி விழுந்து முற்றமே வெளுத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் படங்களும் ‘ஸ்னோ’ என்ற பெயரில் கைக்குக் கை போகின்றன. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள், நல்ல பாடம்.

ஆக, பனி வேண்டுமானால் குளிரும் ஈரமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சந்திக்கவேண்டும். நம் மலையில் அவை சந்திப்பதே இல்லை. மேகம் இருக்கிற இரவு கம்பளி போர்த்திய இரவு. குளிர் ஓரளவுக்கு மேல் இறங்காது. மேகம் விலகினால் குளிர் இறங்கும், ஆனால் விழுவதற்கு மேலே ஒன்றும் இருக்காது. ஸ்கீ பற்றிய உங்கள் கேள்விக்கும் கடைசியில் இந்தக் கணக்கோடுதான் வரப்போகிறேன்.

சரி, வெப்பமானியில் 4 பாகை என்று செய்தியில் சொல்கிறார்கள். 4 பாகையில் எப்படி ஐஸ் பிடிக்கும்? இந்தக் கேள்வியைத் தோட்டத்தில் என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. வானிலை நிலையத்து வெப்பமானி வெள்ளைப் பெட்டிக்குள், நெஞ்சளவு உயரத்தில் இருக்கிறது. புல் இருப்பது தரையில். ஒரு தை மாதம் நானே இரண்டு வெப்பமானி வாங்கி, ஒன்றைக் கம்பில் நெஞ்சுயரத்தில் கட்டினேன், மற்றதைப் புல்லின் மேல் கிடத்தினேன். விடிய ஐந்தரைக்கு மேலே இருந்தது 4 பாகை காட்டியது, கீழே இருந்தது பூச்சியத்துக்கு ஒன்றரை கீழே. நடுவில் இருந்தது அந்தக் கம்பின் உயரம்தான்!

காரணம் இதுதான். பகல் முழுக்க வாங்கிய சூட்டைத் தரையும் இலையும் இரவில் வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மேகமோ மூட்டமோ இருந்தால் அதில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தால் போனது போனதுதான். காற்று வீசினால் மேலேயிருக்கிற சூடான காற்றைக் கீழே கலக்கிவிடும். காற்று செத்துக் கிடந்தால் தரையை ஒட்டியிருக்கிற படலம் மட்டும் குளிர்ந்துகொண்டே போகும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று பெரியவர்கள் சொன்னது இந்தத் தெளிந்த வானத்து இரவுகளைப் பார்த்துத்தான் என்று நான் நினைக்கிறேன்.

குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீர் மாதிரிச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். இதை ஒரு தடவை புரிந்துகொண்டால் எங்கே போய்ப் பார்க்கவேண்டும் என்பதும் தானாகத் தெரிந்துவிடும். தோட்டத்தின் மேற்பிரிவான மேல்கணக்கு மலைதான் உயரம், அங்கேதான் உறைபனி கூடப் பிடிக்கும் என்று புதிதாக வருகிற சின்னத்துரைமார் நினைப்பார்கள். எங்கள் தோட்டத்தில் ஒவ்வொரு வருடமும் கருகியது கீழ்ப்பிரிவான பணியக் கணக்கில், ஆற்றோரத்துப் பள்ளம். அதற்கு மேலே 50 மீற்றர் ஏறினால் கொழுந்து பச்சையாக நிற்கும். பழைய கங்காணி ஒருவர் மலையில் ஒரு பாறையைக் காட்டி, ‘இதுக்கு மேல அது ஏறாதுங்க ஐயா’ என்றார். 26 வருடத்தில் அவர் காட்டிய கோட்டை உறைபனி இரண்டே தடவைதான் தாண்டியது.

ஓர் உறைபனிக் காலையைக் கொஞ்சம் சொல்லட்டுமா? நான் மறக்காத ஒன்று அது. இரவு ஒன்பது மணிக்கே நாய்கள் அடுப்படியை விட்டு நகரவில்லை. லயத்துத் தகரம் சுருங்கிச் சடக்கென்று சத்தம் போடும். விடிய ஐந்து மணிக்கு டோர்ச்சோடு வெளியே இறங்கினால், காலடியில் புல் நொறுங்குகிறது. பொரித்த அப்பளத்தை மிதித்த மாதிரி ஒரு சத்தம். பீலிக்கரையில் யாரோ விட்டுப்போன வாளியின் தண்ணீரில் கண்ணாடித் தாள் கனத்துக்கு ஓர் ஏடு. விரலால் அழுத்தினால் விரிசல் விட்டது. வேலிக் கம்பியில் இருந்த சிலந்தி வலை ஒவ்வொரு இழையும் நூற்கண்டு நூல் மாதிரித் தடித்து வெள்ளையாக நின்றது. தேயிலை இலையின் ஓரத்தில் சின்னச் சின்னப் பல் இருக்குமே, அந்தப் பல் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு வெள்ளை ஊசி. நடு நரம்பில் குறைவு, ஓரத்தில்தான் அதிகம். ஓரம் மெல்லியது, முதலில் சூட்டை இழப்பது அதுதான்.

ஏழு மணியளவில் எதிர் மலைக்கு மேலே வெயில் தலைகாட்டியது. அது தொட்ட இடமெல்லாம் வெள்ளை போய்ப் பளபளவென்று ஈரம். இருபது நிமிடத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி மலை பச்சையாகிவிட்டது. பார்க்க வந்தவர்கள் படத்தை எடுத்துக்கொண்டு போயும்விட்டார்கள். நாங்கள் பார்த்தது அதற்குப் பிறகு நடந்ததை. பத்து மணிக்குக் கொழுந்து தலை தொங்கியது. அடுத்த நாள் பொழுது சாயும்போது அந்தப் பள்ளம் முழுக்கச் சுருட்டுப் புகையிலை நிறம். இலைக்குள் இருக்கிற நீர் உறைந்து இலையின் நுண்ணிய கலங்களைக் கிழித்துவிடும். வெயில் பட்டதும் கிழிந்த இடத்தால் எல்லாம் வடிந்து இலை செத்துப்போகும். செடி சாகாது. ஆனால் அந்த மலையில் திரும்பக் கொழுந்து எடுக்கச் சில வாரம் போகும். கிலோ கணக்கில் ‘பேர்’, அதாவது நாட்சம்பளம், விழுகிற வேலையில் சில வாரம் என்றால் என்ன என்று மலைநாட்டுக் குடும்பங்களுக்குத் தெரியும். கூடையில் நிறை குறைந்தால் அரைப்பேர். அந்த மாதம் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் பெண்கள் முகத்தைப் பார்ப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மரக்கறிக்காரர் பாடு இதைவிடப் பதற்றமானது. மீபிலிமான, கந்தப்பளைப் பக்கத்தில் கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு போட்டவர்கள் வெயில் ஏறுவதற்கு முன்னே எழும்பிப் பாத்திக்குத் தண்ணீர் அடித்து உறைபனியைக் கழுவுவார்கள். உருளைக்கிழங்குதான் முதலில் கருகும். கரட் கொஞ்சம் தாங்கும். இருட்டில், விரல் விறைக்க, கையில் ஹோஸ் குழாயோடு நிற்கிற ஆளைப் பார்த்தால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பாத்திக்குள் இறங்கிப் படமெடுக்காதீர்கள். தேயிலை நிரைக்குள்ளும் இறங்கவேண்டாம்; உறைந்து நிற்கிற இலை கண்ணாடி மாதிரி, உரசினாலே முறியும். றோட்டோரப் புல்லில் அதே பூ இருக்கிறது, அதுவே போதும்.

இனி காலம். டிசம்பர் முதல் கிழமையில் வடகீழ்ப் பருவக்காற்று தொடங்குகிற நேரம். உங்கள் வாவியைப் பெருக்குகிற அதே காற்று எங்கள் கிழக்குச் சரிவிலும் மோதி மழையைக் கொட்டும். கந்தப்பளை, இராகலைப் பக்கம் நாள்கணக்கில் மூட்டமும் தூறலும். குளிரும், ஆனால் உறையாது. டிசம்பர் கடைசியில் மழை ஓய்ந்த ஓரிரண்டு இரவுகளில் சில வருடம் முதல் உறைபனி வந்துவிடும். அதை நம்பி லீவு போடாதீர்கள். தைப்பொங்கலில் இருந்து மாசி நடுப்பகுதி வரை, அதாவது ஜனவரி நடுவிலிருந்து பெப்ரவரி கடைசி வரை, நல்ல காலம். உங்கள் பக்கம் மழை விட்டு, பெரும்போக நெல் கதிர் முற்றத் தொடங்குகிறதா? அப்போது எங்கள் வானமும் வெளுத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் அந்த நாட்களில் ‘நுவரெலியா மாவட்டத்தில் சில இடங்களில் அதிகாலையில் துகள் உறைபனி எதிர்பார்க்கப்படுகிறது’ என்று அறிவிப்பில் போடும். அந்த வரி வந்தால் கிளம்பலாம்.

எங்கள் ஊரில் ‘சீசன்’ என்றால் ஏப்ரல் மாதம். குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் அப்போதுதான். ஹோட்டல்காரர் ‘சீசனில் வாங்க’ என்றால் உறைபனியைச் சொல்லவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

வந்து சேர்ந்த அன்று பின்னேரமே வானத்தைப் பாருங்கள். பகல் முழுக்க வெயில், ஆறு மணிக்குக் காற்று விழுந்துவிட்டது, நட்சத்திரம் எண்ணக்கூடிய மாதிரித் தெளிவாகத் தெரிகிறது, ஒன்பது மணிக்கே வெளியே 9 பாகைக்குக் கீழே என்றால் அலாரத்தை ஐந்து மணிக்கு வையுங்கள். மூட்டம் இறங்கினால் நன்றாகத் தூங்குங்கள்.

இடத்துக்கு அதிக தூரம் போகவேண்டாம். நுவரெலியா நகரமே சுற்றிலும் மலை நிற்க நடுவில் கிடக்கிற ஒரு தட்டு. அந்தத் தட்டின் அடியில்தான் குதிரைப் பந்தயத் திடலும் கோல்ஃப் மைதானமும் இருக்கின்றன. அங்கேயே புல் வெளுத்துக் கிடக்கும். மேலே சாந்திபுரவுக்கு ஏறினால் காட்சி அழகு, உறைபனி குறைவாக இருக்கலாம். அம்பேவெல, பட்டிப்பொல புல்வெளிகளும் நல்லவை. ஹோர்ட்டன் சமவெளி எல்லாவற்றையும் விட விரிந்தது, 2,100 மீற்றருக்கு மேல். ஆனால் வாசலில் டிக்கெட் எடுத்து உள்ளே போய்ச் சேர்வதற்குள் வெயில் முந்திக்கொள்ளும். சின்னப் பிள்ளைகளோடு என்றால் நகரத்துத் திடலே என் தெரிவு.

நீங்கள் வருகிற பாதை செங்கலடியில் தொடங்குகிற ஏ5. மகா ஓயா, பிபிலை, பதுளை, வெலிமடை என்று ஒரே றோட்டாக நுவரெலியா வரை வரும். அழகான பாதை, ஆனால் மழைக்காலத்தில் மண் சரிகிற பாதை. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களையே மண் மூடியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மலைநாடு பட்டதையும் நாம் எல்லோரும் பார்த்தோம். டிசம்பர் தொடக்கத்தில்தான் வரமுடியும் என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையை வெளிக்கிடுகிற அன்று பாருங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படி. மஞ்சளுக்கே நான் பிள்ளைகளோடு வரமாட்டேன்.

குளிர்காய அறைக்குள் கரியடுப்பு வைக்கவே வேண்டாம். ஜன்னலை மூடிக்கொண்டு கரியைப் பற்றவைத்துவிட்டுப் படுத்தவர்கள் எழும்பாமல் போயிருக்கிறார்கள். அதிலிருந்து வருகிற நச்சுவாயுவுக்கு மணமும் இல்லை, இருமலும் வராது. இரண்டு கம்பளி, காதை மூடுகிற தொப்பி, கையுறை, சூடான பிளேன்டீ போதும்.

ஸ்கீ இடம் ஏன் வைக்கவில்லை என்ற கேள்விக்கு இப்போது பதில் சுலபம். ஸ்கீ ஓட, சரிவு முழுக்கச் சாணளவுக்காவது இறுகிய பனிமெத்தை வேண்டும். கல் நிறைந்த சரிவென்றால் அதைவிட அதிகம். உறைபனி ஊசியின் நீளம் சில மில்லிமீற்றர். மெஷினால் பனி செய்யலாமே என்றால், அதற்கும் காற்று உதவவேண்டும். தேயிலைத் தொழிற்சாலையில் ஈர வெப்பமானி, உலர் வெப்பமானி என்று இரண்டு தொங்குமே, அதில் ஈர வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே 2 பாகை போனால்தான் பனிப்பீரங்கி ஒழுங்காக வேலை செய்யும். நம் ஊரில் நன்றாகக் குளிர்ந்த இரவிலும் புல்லை ஒட்டியே பூச்சியத்துக்குக் கீழே போகிறது; ஆள் உயரத்தில் போவது மிக அரிது. செய்தாலும் காலை எட்டு மணிக்குச் சூரியன் தின்றுவிடும். இந்தச் சரிவுகளில் தேயிலையும் காடும் நிற்பதே மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. அதை வழித்து விளையாட்டுத்திடல் போடுவதை நான் ஆதரிக்கவே மாட்டேன்.

கடைசியாக அக்காவின் அழைப்பு. அங்கேயும் தொடக்க காலம் என்பது குளிரும் ஈரமும் சந்திக்கிறதா என்கிற அதே இழுபறிதான். நவம்பரில் சில வருடம் வானம் தெளிந்து நல்ல குளிர், பனி மட்டும் இல்லை. அப்போது இரவு முழுக்கப் பனிப்பீரங்கி ஓடும். பச்சைப் புல்லின் நடுவே வெள்ளை நாடா மாதிரி ஒரே ஒரு பாதை. சில வருடம் ஈரம் வரும், குளிர் வராது. மலை உச்சியில் பனி, கீழே ஊரில் மழை. முதல் பனி விழுந்தாலும், கோடையில் சூடான தரை அடியிலிருந்து அதை உருக்கும். நிலைத்து நிற்கிற மெத்தை ஊர் மட்டத்தில் சேர டிசம்பர் நடு, ஜனவரி ஆகிவிடுவது வழக்கம்.

எனவே டிசம்பர் தொடக்கம் என்றால் அக்காவிடம் உயரமான, பனியாறு இருக்கிற இடத்தைக் கேளுங்கள். செர்மாட்டில் கேபிள் கார் 3,883 மீற்றர் வரை ஏறுகிறது. அந்தப் பனியாற்றில் வருடம் முழுக்க ஸ்கீ ஓடுகிறார்கள். எங்கல்பர்க்கில் டிட்லிஸ் 3,000 மீற்றருக்கு மேல் போகும். நான் போனது அங்கேதான், ஒரு டிசம்பர் ஆரம்பத்தில். கீழே நிறுத்துமிடத்தில் புல், மேலே முழங்கால் பனி. ஆயிரம் மீற்றர், இரண்டாயிரம் மீற்றர் ஊர்களுக்கு அந்த நேரத்தில் காசைக் கட்டிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டாம்.

ஸ்கீ இடங்களின் அறிக்கையில் உச்சியில் இத்தனை சென்றிமீற்றர் பனி என்று பெரிதாகப் போட்டிருக்கும். நீங்கள் பார்க்கவேண்டியது அதையல்ல. அடிவாரத்தில் எவ்வளவு, எத்தனை லிஃப்ட் ஓடுகிறது, எத்தனை பாதை திறந்திருக்கிறது என்பதை. நேரலைக் கெமராவையும் பாருங்கள், பொய் சொல்லாது. மழைமானி வாசித்துப் பழகியவன் என்பதால் எனக்கு ஒரு கணக்கு உதவியது: ஒரு மில்லிமீற்றர் மழை ஏறக்குறைய ஒரு சென்றிமீற்றர் புதுப்பனி. எங்கள் புத்தகத்தில் சாதாரணமாக எழுதுகிற 30 மில்லிமீற்றர் மழை, அங்கே 30 சென்றிமீற்றர் பனி. அவர்கள் கொண்டாடுகிற ஒரு நாள், நமக்கு ஒரு சாதாரண மழை நாள்.

தொடக்க காலத்தில் மெத்தை மெல்லியது, அடியில் கல்லும் கட்டையும் மறைந்திருக்கும். மெஷின் பனி காலையில் பளிங்குத் தரை மாதிரி இறுகிக் கிடக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் விழுந்தால் நன்றாக வலிக்கும். பத்து மணிக்குப் பிறகு இறங்குங்கள். அங்கே பாதைகளுக்கு நீலம், சிவப்பு, கறுப்பு என்று நிறம் இருக்கிறது, நீலத்தைத் தாண்டவேண்டாம். கம்பு நட்டு அடையாளமிட்ட பாதையை விட்டு ஓர் அடிகூட வெளியே போகவேண்டாம்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒக்டோபர், நவம்பரில் விழுந்த மெல்லிய பனி, வெயில் படாத சரிவுகளில் நாள்கணக்காகக் கிடந்தால் சீனி மாதிரி உதிரியாகிவிடும். தெளிந்த இரவுகளில் அந்தப் பனியின் மேலேயும் உறைபனி பூக்கும், நம் தேயிலையில் பூக்கிற அதே ஊசிப் பூ. பகலில் பார்த்தால் வைரம் கொட்டிய மாதிரி மின்னும். பிறகு அதன் மேல் அரை மீற்றர் புதுப்பனி விழுகிறது. மேலே கனமான பாளம், நடுவில் நிற்கத் திராணியில்லாத அந்த ஊசிகள். ஒரு மனிதன் குறுக்கே போனால் போதும், மலைப்பக்கமே வழுக்கிக்கொண்டு வரும். தாவோஸில் இருக்கிற பனி, பனிச்சரிவு ஆராய்ச்சி நிறுவனம் குளிர்காலத்தில் நாள்தோறும் 1 முதல் 5 வரை அபாய அளவு வெளியிடுகிறது. அக்காவின் கணவரிடம் சொல்லி, மலைக்குப் போகிற அன்று காலையில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நுவரெலியாப் பயணத்துக்கு மூன்று இரவாவது ஒதுக்குங்கள், ஒன்றில் இல்லாவிட்டால் ஒன்றில் வானம் திறக்கும். வரும்போது கடையில் விற்கிற சின்னப் பூதக்கண்ணாடி ஒன்று வாங்கிக்கொண்டு வாருங்கள். ஆறேகாலுக்குத் திடலின் ஓரத்தில் பிள்ளைகளைக் குந்தவைத்து, ஒரு புல் நுனியைப் பிடுங்காமல், மூச்சு படாமல் கொஞ்சம் விலகியிருந்து அதன் வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். மூச்சு பட்டால் அந்த நிமிடமே துளியாகிவிடும்.